தோராவுக்குத் துணி தைத்த கைகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் மவுரிட்சி காட்லீப் வரைந்த, யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளில் யூதர்கள் ஜெப ஆலயத்தில் தொழும் ஓவியத்தைப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: யூத மரபில் பெண்ணுக்கு என்ன இடம், சடங்கில் அவள் பங்கு என்ன, கலையில் அவள் எங்கே இருக்கிறாள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: அந்த ஓவியத்தில் ஆண்கள் கீழே, பெண்கள் மேலே மாடத்தில் நிற்கிறார்கள். ஏன் பிரித்து வைக்கிறார்கள்? எப்போதும் இப்படித்தானா?
(வாசகி, கோவை)

மரபுவழி யூதர்களின் தொழுகையில் ஆணும் பெண்ணும் கலந்து உட்காருவதில்லை. நடுவில் ஒரு தடுப்பு இருக்கும், இல்லையென்றால் பெண்களுக்கு மேலே மாடம். கூட்டுத் தொழுகை தொடங்க 13 வயது நிரம்பிய 10 ஆண்கள் வேண்டும், அந்தக் கணக்கில் பெண்கள் சேர மாட்டார்கள், 100 பேர் வந்து நின்றாலும் சரி. காட்லீப் அந்தப் படத்தை வரைந்தது 1878-இல், 22 வயதில். தனக்கு நிச்சயமாகி முறிந்துபோன பெண்ணை மேலே மாடத்தில் இரண்டு இடங்களில் வரைந்திருக்கிறார். கீழே தோரா சுருளை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களைக் கையால் எழுதிய வேதச் சுருளை, போர்த்தியிருக்கும் துணியைப் பாருங்கள், அதில் அவர் தன் பெயரையே இறந்துபோனவர் நினைவாக எழுதுவதுபோல எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார்.

எப்போதும் இப்படித்தானா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. ஸ்மிர்னா என்ற ஊரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், ரூஃபினா என்ற யூதப் பெண்ணின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, சுமார் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தான் விடுதலை செய்த அடிமைகளுக்கும் வீட்டில் வளர்த்தவர்களுக்கும் அவர் கட்டிய கல்லறையின் கல்வெட்டு அது. அதில் அவர் ஜெப ஆலயத் தலைவர் என்று பொறித்திருக்கிறது. கணவரின் பதவியைத்தான் மரியாதைக்காக மனைவிக்கும் போட்டிருப்பார்கள் என்று நெடுங்காலம் அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் கணவர் என்று ஒருவரே இல்லை!

ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்தில் 1212-13 வாக்கில் பெண்களுக்கென்றே தனித் தொழுகைக்கூடம் கட்டினார்கள், ஆண்களின் ஆலயத்தை ஒட்டி. பிரித்து வைத்தது உண்மை. ஆனால் பிரித்த இடத்துக்குள் பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1275-இல் இறந்த ஊரானியா என்ற பெண்ணின் கல்லறை வாசகம், ஆலயப் பாடகர்களின் தலைவருடைய மகளான இவரும் பெண்கள் முன்னால் நின்று இனிமையாகப் பாடித் தொழுகையை நடத்தினார் என்கிறது.

கேள்வி: யூத ஆண்கள் தினமும் காலையில் 'என்னைப் பெண்ணாகப் படைக்காததற்கு நன்றி' என்று கடவுளிடம் சொல்வார்களாமே, நிஜமா?
(வாசகர், திருநெல்வேலி)

நிஜம்தான். காலைத் தொழுகையில் அடுத்தடுத்து வரும் மூன்று நன்றிகளில் ஒன்று அது. வேற்று இனத்தானாகப் படைக்கவில்லை, அடிமையாகப் படைக்கவில்லை, பெண்ணாகப் படைக்கவில்லை. பெண்கள் அந்த இடத்தில் 'உன் விருப்பப்படி என்னைப் படைத்தாய்' என்று சொல்வார்கள். பழைய உரைகளில் இதற்குச் சொல்லும் காரணம், பெண்ணுக்கு எல்லாக் கட்டளைகளும் கடமையில்லை, ஆணுக்குக் கடமை அதிகம், அந்தக் கூடுதல் கடமைக்காகத்தான் நன்றி என்பது. இந்த விளக்கம் எனக்குத் தெரியும், இதை மனதார நம்பிச் சொல்கிற நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு சிறுமி பக்கத்தில் நின்று அந்த வரியைக் கேட்கும்போது அவள் காதில் விழுவது விளக்கம் அல்ல, அந்த வரிதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1471-இல் இத்தாலியில் ஆபிரகாம் ஃபாரிசோல் என்ற எழுத்தர் ஒரு பெண்ணுக்காகத் தொழுகைப் புத்தகம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் அந்த வரி வரவேண்டிய இடத்தில் 'என்னை ஆணாக அல்ல, பெண்ணாகப் படைத்தாயே, உனக்கு நன்றி' என்று இருக்கிறது. 550 வருடத்துக்கு முன்னால்! தொழுகை வரியை மாற்றுவது இந்தக் காலத்துப் பெண்ணியவாதிகள் கிளப்பிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்தக் கையெழுத்துப் பிரதியைக் காட்டலாம். பிறகு 1946-இல், மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவில் நிற்கும் அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவினர் தங்கள் புத்தகத்தில் 'உன் சாயலில் படைத்தாய்' என்று எல்லோருக்கும் பொதுவாக மாற்றினார்கள். மரபுவழியினர் மாற்றவில்லை.

கேள்வி: சடங்குகளில் பெண்களுக்கென்று எதுவுமே கிடையாதா?
(வாசகி, சேலம்)

இருக்கிறது, அதுவும் வீட்டின் மையத்திலேயே இருக்கிறது. ரொட்டி மாவு பிசையும்போது ஒரு துண்டைக் கிள்ளித் தனியே எடுத்து எரிப்பது, மாதவிலக்கை ஒட்டிய விலக்கமும் தூய்மைக் குளியலும், வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுவது: இந்த மூன்றும் பெண்ணின் கடமைகள். விளக்கேற்றும் விதத்தைக் கவனித்துப் பார்த்தால் அழகாக இருக்கும். பொதுவாக ஆசி சொல்லிவிட்டுத்தான் எந்தக் காரியத்தையும் செய்ய வேண்டும். ஆனால் விளக்கின் ஆசியைச் சொல்லிவிட்டாலே அவளுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், அப்புறம் நெருப்பைத் தொடக் கூடாது. அதனால் முதலில் ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆசி சொல்லி, பிறகு கையை எடுத்து அந்த வெளிச்சத்தை அப்போதுதான் முதலில் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

கிழக்கு ஐரோப்பாவில் பெண்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட சடங்கு ஒன்றும் இருந்தது. யோம் கிப்பூர் நெருங்கும்போது இடுகாட்டுக்குப் போய், கல்லறைகளைச் சுற்றி நூல் இழுத்து அளப்பார்கள். அந்த நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து திரியாக்கி மெழுகுவர்த்தி செய்வார்கள், ஒவ்வொரு திரியையும் வைக்கும்போது ஒரு பெயர்: ஆதாம், ஏவாள், ஆபிரகாம், சாராள், அப்புறம் தன் வீட்டில் இறந்தவர்கள். இதற்கென்று அவர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில் வேண்டுதல்கள் இருந்தன, அவற்றில் மிகப் பிரபலமான ஒன்றை 18-ஆம் நூற்றாண்டில் சாரா பாஸ் தோவிம் என்ற பெண் எழுதினார். எந்த ரப்பியும், அதாவது யூத மதகுருவும், கட்டளையிட்டு வந்ததில்லை இது.

ஆனால் பிரச்சினை எங்கே என்றால், குறிப்பிட்ட நேரத்தில் செய்ய வேண்டிய பெரும்பாலான கட்டளைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு என்று சுமார் கி.பி. 200-இல் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. விலக்கு என்றால் செய்யாவிட்டால் குற்றமில்லை, அவ்வளவுதான். காலப்போக்கில் அந்த 'செய்ய வேண்டியதில்லை' என்பது 'செய்யக் கூடாது' என்று இறுகிவிட்டது. என் கருத்தில் இந்தக் கதை முழுவதுக்கும் அச்சாணி இதுதான். மிஷ்னாவும் அதன்மேல் எழுந்த விவாதங்களும் சேர்ந்த தால்முதிலேயே சவுல் ராஜாவின் மகள் மீகாள் தெஃபிலின் அணிந்தாள், அதாவது நெற்றியிலும் கையிலும் கட்டும் வேத வசனப் பெட்டிகளை அணிந்தாள், அறிஞர்கள் அவளைத் தடுக்கவில்லை என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில், ஓய்வுநாளில் தோரா வாசிக்க அழைக்கப்படும் ஏழு பேரில் பெண்ணும் ஒருத்தியாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, உடனே அடுத்த வரியில் 'ஆனால் சபையின் கௌரவத்தை முன்னிட்டுப் பெண் வாசிக்க வேண்டாம்' என்கிறது. தகுதி இல்லை என்று சொல்லவில்லை, கௌரவம் என்று சொல்கிறது. சபையின் கௌரவம் எது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதானே!

கேள்வி: யூதக் கலை என்றாலே வெள்ளிப் பாத்திரம், ஏட்டுச் சுவடி, எல்லாம் ஆண்கள் செய்தவை. பெண்கள் கலை என்று எதையாவது காட்ட முடியுமா?
(வாசகர், புதுச்சேரி)

நிறையக் காட்டலாம். துணியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜெர்மானிய யூதர்களிடம் விம்பெல் என்று ஒரு நீளமான துணிப்பட்டை உண்டு. ஆண் குழந்தை பிறந்து எட்டாம் நாள் விருத்தசேதனம் நடக்கும்போது குழந்தையைச் சுற்றிய துணி இருக்கிறதல்லவா, அதைத் துவைத்து, பட்டைகளாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, மூன்று மீட்டர் அளவுக்கு நீட்டுவார்கள். அதன்மேல் அம்மாவோ பாட்டியோ பூத்தையல் போடுவார்கள்: குழந்தையின் பெயர், அப்பா பெயர், பிறந்த நாள், பல பட்டைகளில் ராசிச் சின்னம்கூட, பிறகு 'தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வளரட்டும்' என்ற ஆசி. மணப்பந்தல் என்ற சொல் வரும் இடத்தில் குட்டியாக ஒரு பந்தல், அடியில் மாப்பிள்ளை, பெண். எழுத்துகளின் வயிற்றுக்குள்ளே பறவை, மீன், பூ என்று நிரப்பியிருப்பார்கள். குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போது அப்பா அவனை ஆலயத்துக்குத் தூக்கிப் போவார், அவன் அந்தப் பட்டையைத் தோரா சுருளைக் கட்டக் கொடுப்பான். 13 வயதில் அவன் முதல்முறை வாசிக்கும்போது அதே பட்டையால் கட்டிய சுருளை எடுப்பார்கள். ஒரு ஊரின் விம்பெல்களைச் சேர்த்து வைத்தால் அந்த ஊரின் பிறப்புப் பதிவேடே கிடைத்துவிடும் (பின்னாளில் தையலுக்குப் பதில் வர்ணம் தீட்டியவையும் வந்தன).

இப்போது அந்த எழுத்தை மறுபடி படியுங்கள். 'இன்னாரின் மகன் இன்னார்.' பெற்றவள் பெயர் இல்லை. விடிய விடிய உட்கார்ந்து தைத்த அம்மா தன் கையாலேயே கணவர் பெயரைத் தைத்திருக்கிறாள், தன் பெயருக்கு அதில் இடமில்லை. மகள் பிறந்தால் அந்தப் பட்டையும் இல்லை. அருங்காட்சியகங்களில் இவற்றின் பக்கத்தில் செய்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது.

இத்தாலியில் நிலைமை கொஞ்சம் வேறு. வெனிஸில் 1680-81-இல் சிம்ஹா என்ற பெண், ஆலயத்தில் தோரா சுருள்களை வைக்கும் பேழைக்கு முன்னால் தொங்கும் திரையைப் பட்டிலும் சரிகையிலும் தைத்தார். சீனாய் மலையும் எருசலேமும் அதில் இருக்கின்றன. இவர் மெனாஹெம் லேவி மெஷுல்லாமியின் மனைவி என்பதோடு சேர்த்துத் தன் பெயரையும் துணியிலேயே எழுதிவிட்டார். அந்தத் திரை இன்று நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சபை முழுக்க எந்தத் திசையைப் பார்த்து நின்று தொழுததோ அந்த இடத்தில் தொங்கியது ஒரு பெண்ணின் கைவேலை.

எழுத்து வேலைக்கு வருவோம். தெஃபிலின் கட்டும் கடமை இல்லாதவர் தோராவும் எழுதக் கூடாது என்பது தால்முதின் தர்க்கம், அதனால் பெண் எழுதிய தோரா சுருள் செல்லாது. ஆனால் சுருள் என்பது தோல் தாள்களைக் கோத்துத் தைத்தது. வோர்ம்ஸில் வாழ்ந்த டோல்சே என்ற பெண் சுமார் 40 தோரா சுருள்களைத் தைத்துக் கொடுத்திருக்கிறார், விளக்குத் திரி செய்திருக்கிறார், பெண்களுக்குத் தொழுகைப் பாட்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார், வீட்டுச் செலவையும் அவரே பார்த்திருக்கிறார். 1196-இல் ஆயுதத்தோடு வீட்டுக்குள் புகுந்தவர்கள் அவரையும் இரண்டு மகள்களையும் வெட்டிக் கொன்றார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிவது கணவர் ரப்பி எலெயாசர் எழுதிய இரங்கற்பாவினால். அவர் எழுதியிருக்காவிட்டால் அந்த 40 சுருள்களும் யார் தைத்தது என்றே தெரியாமல் போயிருக்கும்.

தோரா தவிர மற்ற நூல்களைப் பெண்கள் எழுதத்தான் செய்தார்கள். ரோம் நகரத்து பவுலா 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேத உரைகளைப் படியெடுத்தவர். மாந்துவாவில் 1476 வாக்கில் எஸ்தெல்லீனா கோனாத் ஒரு எபிரேய நூலை அச்சிட்டு, கடைசிப் பக்கத்தில் இதைச் செய்தது நான்தான் என்று பெயரோடு பதித்தார். ஓவியம் வேண்டுமென்றால், 1320-ஐ ஒட்டி கேட்டலோனியாவில் உருவாகி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் தங்க ஹகாதாவைப் பாருங்கள் (எகிப்திலிருந்து விடுதலையான நினைவாகக் கொண்டாடும் பஸ்கா விருந்தில் வாசிக்கும் நூல்தான் ஹகாதா). மோசேயின் அக்கா மிரியாம் கையில் பறையோடு, சுற்றிலும் பெண்கள் ஆடிப் பாடுகிறார்கள், பக்கத்திலேயே பஸ்காவுக்கு வீடு பெருக்கும் பெண்கள். 15-ஆம் நூற்றாண்டு டார்ம்ஷ்டாட் ஹகாதாவில் பெண்கள் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பெண் எழுதிய தோரா என்று அறியப்படும் முதல் சுருளை ஜென் டெய்லர் ஃப்ரீட்மன் 2007-இல் எழுதி முடித்தார். 3,04,805 எழுத்துகள், கையால். மரபுவழி ஆலயங்கள் அதை ஏற்கவில்லை, பழைய விதிகளைத் தளர்த்திய சீர்திருத்தப் பிரிவு ஏற்றுக்கொண்டது.

கேள்வி: பஸ்கா விருந்துத் தட்டில் ஆரஞ்சுப் பழம் வைக்கிறார்களாமே, அது எதற்கு?
(வாசகி, ஈரோடு)

பரவலாகச் சொல்லும் கதை இது: ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு ஆண் எழுந்து 'பஸ்கா தட்டில் ஆரஞ்சுக்கு என்ன இடமோ அதுதான் ஆலய மேடையில் பெண்ணுக்கு' என்றாராம், அதற்குப் பதிலடியாகப் பெண்கள் ஆரஞ்சை வைத்தார்களாம். இது நடக்கவே இல்லை. 1980-களில் அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் பேராசிரியர் சுசன்னா ஹெஷல். ஒதுக்கி வைக்கப்பட்ட ஓரினச் சேர்க்கையாளர்களை நினைத்து வைத்தார், பழத்தைச் சாப்பிடும்போது விதையைத் துப்புவது வெறுப்பைத் துப்புவதாம். ஒரு பெண்ணின் யோசனையை யாரோ ஒரு ஆணின் வாயில் போட்டு, அது எதற்காக என்பதையும் மாற்றிவிட்டார்கள் என்று அவரே வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் உண்மைக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண் ரப்பிகள் உண்டா?
(வாசகர், தஞ்சாவூர்)

உண்டு. 1972-இல் அமெரிக்காவில் சாலி பிரைசண்ட் ரப்பி ஆனபோது அவரைத்தான் உலகின் முதல் பெண் ரப்பி என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அதற்கு 37 வருடம் முன்பே, 1935 டிசம்பரில், பெர்லினைச் சேர்ந்த ரெகீனா யோனாஸ் ரப்பி பட்டம் பெற்றுவிட்டார். யூதச் சட்டப்படி பெண் ரப்பி ஆகலாமா என்பதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதி, பழைய மூலங்களை வைத்தே ஆகலாம் என்று வாதாடியவர். நாஜிகள் 1942-இல் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சொற்பொழிவு ஆற்றினார், ரயிலில் வந்து இறங்கியவர்களைத் தேற்றினார். 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரை அறிந்தவர்களில் சிலர் பிழைத்து வந்தும் அவரைப் பற்றி உலகத்துக்குச் சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய காகிதங்கள் கிடைத்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

மரபுவழிப் பிரிவின் பெரிய அமைப்புகள் பெண் ரப்பியை இன்றும் ஏற்பதில்லை. அதற்குள்ளேயே 2009-இல் நியூயார்க்கில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. யூதர்கள் புனிதமாகக் கருதும், எருசலேமின் மேற்குச் சுவரில் 1988 முதல் பெண்கள் கூட்டமாகத் தொழவும் தோரா வாசிக்கவும் போராடுகிறார்கள். தொழுகைச் சால்வை போர்த்தியதற்குக் கைது செய்தார்கள், 2013-இல் நீதிமன்றம் அது குற்றமில்லை என்றது, 2016-இல் கலந்து தொழும் இடத்துக்கு அரசு ஒப்புக்கொண்டு 2017-இல் நிறுத்தி வைத்தது.

கேள்வி: தொழுகை, தையல் எல்லாம் சரி. நடைமுறை வாழ்க்கையில் பெண்ணை அதிகம் பாதிப்பது எது?
(வாசகி, ஓசூர்)

விவாகரத்து. யூதச் சட்டப்படி விடுதலைப் பத்திரத்தைக் கணவன் தன் விருப்பத்தோடு எழுதி மனைவி கையில் கொடுக்க வேண்டும். சுமார் 1000 வருடத்துக்கு முன் மைன்ஸ் நகரத்து ரப்பி கெர்ஷோம் பெயரால் வந்த தடை, மனைவி சம்மதிக்காமல் விவாகரத்து செய்யக் கூடாது என்று ஆக்கியது, நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கணவன் தரமாட்டேன் என்றால் அவள் கட்டுண்டவளாகவே இருக்க வேண்டியதுதான், மறுமணம் முடியாது, வேறொருவரோடு குழந்தை பெற்றால் அந்தக் குழந்தையின் தலையில் சட்டப்படி ஒரு களங்கம் விழும். கணவன் வேறு மணமாகாத பெண்ணோடு குழந்தை பெற்றால் அந்தக் களங்கம் கிடையாது. இஸ்ரேலில் யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் 1953 சட்டப்படி ரப்பிகளின் நீதிமன்றத்தில்தான். 1995-இல் வந்த சட்டம், பிடிவாதம் பிடிக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கவும் அவனைச் சிறையில் போடவும் அந்த நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. சிறையில் கிடந்தாலும் தரமாட்டேன் என்று இருந்தவர்களும் உண்டு. பத்திரத்துக்குப் பதிலாகப் பணம், வீடு, பிள்ளைகள் என்று பேரம் பேசுவது மதத்தின் பெயரால் நடக்கும் மிரட்டல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இதைப் பல ரப்பிகளே வெளிப்படையாகக் கண்டிக்கிறார்கள்.

கேள்வி: கொச்சி யூதர்களிடமும் இதே கட்டுப்பாடுகள்தானா? குடும்பத்தோடு கேரளா போகிறோம், எதைப் பார்ப்பது?
(வாசகி, பொள்ளாச்சி)

கட்டுப்பாடுகள் இருந்தன, ஆனால் அங்கே சில விஷயங்கள் தனி. கேரள ஜெப ஆலயங்களில் கீழே நடுவில் ஒரு வாசிப்பு மேடை, மேலே மாடத்தில் இன்னொரு மேடை. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோராவை மேலே எடுத்துப் போய் அங்கிருந்து வாசிப்பார்கள், அதற்குப் பின்னாலேயே மரச்சட்டத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாசித்தது ஆண்கள்தான், ஆனால் மாடத்தில் இருந்த பெண்களுக்குத் தோரா வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கல்யாணத்தில் தாலி கட்டும் வழக்கமும் அங்கே இருந்தது.

அதைவிட முக்கியம் பாட்டு. பல மரபுவழிச் சமூகங்களில் பெண் பாடுவதை ஆண் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. கொச்சியில் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் இருக்கும்போதே கூடிப் பாடினார்கள், மலையாளத்தில். வேதக் கதைகள், மணப்பெண் பாட்டு, தங்கள் ஊர் ஆலயத்தைக் கட்டிய கதை எல்லாம் அதில் உண்டு. நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று கைமாறி வந்த பாட்டுகள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டபோது நோட்டுகளும் கூடவே போயின. அவற்றைச் சேகரித்து மொழிபெயர்த்ததில் ரூபி டேனியல் என்ற கொச்சிப் பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு, மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயத்தில் சம உரிமை மறுக்கப்பட்ட குடும்பங்களில் பிறந்தவர் அவர். 2004-இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகம் இந்தப் பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டது, கிடைத்தால் போகும் முன்பே கேளுங்கள், நமக்குப் பாதிக்கு மேல் புரியும்.

மட்டாஞ்சேரி பரதேசி ஆலயம், 1568-இல் கட்டியது, எல்லோரும் போவது. நான் சொன்ன மாட மேடையையும் பெண்கள் பகுதியையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் சேந்தமங்கலத்துக்கும் பறவூருக்கும் போங்கள், இரண்டு ஆலயங்களும் இப்போது அருங்காட்சியகங்கள். மட்டாஞ்சேரிக்குச் சனிக்கிழமை போகாதீர்கள், ஓய்வுநாள், மூடியிருப்பார்கள்.